டிஃப்ராக் கட்டிய நரசிம்மன்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, யாராவது ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பாரதியார், ராமானுஜன், விஸ்வேஸ்வரய்யா, கலாம் என்று எல்லாரைப் பற்றியும் போன மலர்களிலேயே வந்தாயிற்று. இவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் பேட்ச்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது என் தொழில் ஒன்றுதான். அதனால் என் தொழிலுக்கு முன்னோடி ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பேராசிரியர் ஆர். நரசிம்மன். நம் நாட்டில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்குத் தந்தை என்று பலராலும் சொல்லப்படுபவர். சென்னைக்காரர். ஆனாலும் நம்ம பசங்களிடம் பெயரைச் சொன்னால் எந்த நரசிம்மன் என்றுதான் கேட்கிறார்கள்.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன சந்திப்புக்கு வந்திருந்தபோது இறுதியாண்டு மாணவர் ஒருவர், அண்ணா நீங்க எந்த வேலையில் இருக்கீங்க என்று கேட்டார். பெரிய சர்வர்களில் ஹார்டுவேர் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வேலை என்றேன். சாஃப்ட்வேர் இல்லையா என்று அடுத்த கேள்வி. இல்லை என்றதும் அந்தப் பையன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. சர்வீஸ் இன்ஜினியர் என்றால் படித்த படிப்புக்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் நான் படிக்கும்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எனக்கே இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

நிற்க. விஷயத்துக்கு வருவோம்.

நரசிம்மன் 1926 ஏப்ரல் 17-ல் சென்னையில் பிறந்தார். கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் டெலிகம்யூனிகேஷன் படித்து, நாடு விடுதலையான 1947-ல் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று கால்டெக்கில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில் முதுகலை முடித்தார். அதோடு நிற்காமல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கணிதமும் தெரிந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் வசதியாக இருந்திருக்கலாம். 1954-ல் திரும்பி வந்து பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அந்த நிலையம் அப்போது கேட்வே ஆஃப் இண்டியா பக்கத்தில் பழைய யாட் கிளப் கட்டடத்தில் இருந்தது. தலைவர் ஹோமி பாபா. அணு ஆராய்ச்சிக்கு எலக்ட்ரானிக்ஸ் வேண்டும், எலக்ட்ரானிக்ஸ் இருந்தால் கம்ப்யூட்டரும் நாமே கட்டிப் பார்க்கலாம் என்ற துணிச்சல் அவருக்கு. அதே சமயத்தில், 1955-ல், கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் இறக்குமதியானது. கல்கத்தா வாங்கியது, பம்பாய் கட்டத் தொடங்கியது.

கட்டியவர்கள் யார் என்று பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய சிறு குழு, எல்லாரும் இளைஞர்கள். நரசிம்மனைத் தவிர மற்றவர்கள் வெளிநாட்டில் படித்தவர்கள் இல்லை. கம்ப்யூட்டர் வடிவமைத்த அனுபவம் யாருக்குமே கிடையாது. சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்க இந்தியாவில் ஆள் இல்லை. நேராகப் பெரிய இயந்திரத்தில் கை வைக்காமல், முதலில் ஒரு சின்ன மாதிரி இயந்திரம் செய்து பார்த்தார்கள். அது 1956 கடைசியில் ஓடியது. அந்தத் தெம்பில் 1957-ல் முழு இயந்திரத்தைத் தொடங்கி, 1959-ல் கட்டி முடித்து, 1960 பிப்ரவரியில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கொலாபாவில் நிலையத்தின் புதுக் கட்டடத்தை 1962 ஜனவரியில் திறக்க வந்த நேருதான் அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

டிஃப்ராக்கின் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, தொழில் புத்தி! 18 அடி நீளம், 8 அடி உயரம், இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு இரும்புச் சட்டம். இன்றைய டேட்டா சென்டரில் ஒரு ரேக் இரண்டடி அகலம் என்றால் ஒன்பது ரேக் வரிசையாக நிற்கிற நீளம். உள்ளே 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள், 12,500 ரெஸிஸ்டர்கள். மெமரி ஃபெரைட் கோர் வகை. மணி மாதிரி குட்டிக் குட்டி காந்த வளையங்களை மெல்லிய கம்பியில் கோத்துச் செய்வது. 40 பிட் கொண்ட 2,048 வார்த்தைகள் அதில் அடங்கும். பெருக்கிப் பார்த்தால் 82 ஆயிரம் பிட்டுக்குச் சற்றுக் குறைவு, இன்றைய கணக்கில் வெறும் 10 கிலோபைட். நான் கையில் பிடித்து மாட்டுகிற ஒரே ஒரு மெமரி ஸ்டிக்கில் 64 ஜிகாபைட் இருக்கிறது. ஆனால் அந்த 10 கிலோபைட்டில் ஒரு பிட் போனால் எந்த வளையம், எந்தக் கம்பி, எந்த வால்வு என்று அவர்கள்தான் தேட வேண்டும். பாக்கெட்டைப் பிரித்துப் புதிதை மாட்ட வழி கிடையாது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வால்வு சராசரியாக 10,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்துக்கு மேலே, நல்ல ஆயுள்தான். ஆனால் 2,700 வால்வுகள் சேர்ந்த இயந்திரத்தில் சராசரியாக நாலு மணி நேரத்துக்குள் ஒன்று போய்விடும்! தனித்தனியாக நல்ல பொருள்கள், சேர்த்து வைத்தால் ஓயாத தொந்தரவு. அதனால் வால்வு காலத்துக் கம்ப்யூட்டர்களில் கட்டுவது ஒரு கலை என்றால், ஓட வைப்பது அதைவிடப் பெரிய கலையாக இருந்தது. உலகெங்கும் அப்போது ஒரு பழக்கம் உண்டு. காலையில் வேலை தொடங்குமுன் வோல்டேஜை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். நோஞ்சான் வால்வு அப்போதே தடுமாறி ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். யாரோ ஒருவருடைய கணக்கு நடுவில் நின்று போவதைவிட நம் கையில் வைத்து அது சாகட்டும் என்பதுதான் யோசனை.

இன்னொரு வித்தையும் இருந்தது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் இல்லியாக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டியபோது, பழுது கண்டுபிடிக்கவே சில புரோகிராம்கள் எழுதினார்கள். அதில் ஒன்று மெமரியைச் சோதித்துக்கொண்டே தன்னைத்தானே அடுத்த இடத்துக்கு நகல் எடுத்துத் தாவித் தாவிப் போகும். நம்ம ஊர் பச்சைக்குதிரை ஆட்டம் மாதிரி. ஆங்கிலத்திலும் அந்த ஆட்டத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். மெமரியில் எந்த மூலையும் சோதனைக்குத் தப்பாது. நரசிம்மன் 1961-லிருந்து 1964 வரை அதே இல்லினாயில்தான் போய் இருந்தார். ஆனால் போனது பழுது பார்க்க இல்லை. துகள்கள் விட்டுச் சென்ற தடங்களின் போட்டோக்களை மனிதன் உட்கார்ந்து பார்க்காமல் கம்ப்யூட்டரே பார்த்துப் பிரித்தறிய வைக்கும் ஆராய்ச்சி. ஒரு படத்தைப் புள்ளிக் கூட்டமாகப் பார்க்காமல், வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போல படத்துக்கும் இலக்கணம் உண்டு என்று அணுகிய முதல் சிலரில் அவர் ஒருவர். அவருக்கு உலக அளவில் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த வேலைதான்.

டிஃப்ராக்கைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். அது ஓடத் தொடங்கியபோதே பழசாகிவிட்டது. 1959-லேயே ஐ.பி.எம். டிரான்சிஸ்டரில் செய்த 1401 என்ற கம்ப்யூட்டரை அறிவித்துவிட்டது. வால்வின் காலம் முடிந்துகொண்டிருந்தது. டிஃப்ராக் மாதிரி இரண்டாவது இயந்திரம் யாரும் செய்யவில்லை. எந்தத் தொழிற்சாலையும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. 1964-ல் அந்த நிலையமே அமெரிக்காவின் சி.டி.சி. 3600 என்ற பெரிய கம்ப்யூட்டரை வாங்கியது. இதை வைத்து அந்த முயற்சியே வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரெஸிஸ்டர் முதல் புரோகிராம் வரை ஒரு கம்ப்யூட்டரை அக்கு வேறு ஆணி வேறாகத் தெரிந்த ஆட்கள் இந்தியாவில் அதற்கு முன் இல்லை, அதற்குப் பின் இருந்தார்கள். வந்த புது இயந்திரத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைக் குறுக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய சர்வரில் மெமரி எர்ரர் என்று அழைப்பு. நாலு பிராசசர், நிறைய மெமரி ஸ்டிக்குகள் உள்ள இயந்திரம். உள்ளேயே காவல்காரன் மாதிரி ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருந்து எந்த ஸ்லாட்டில் எத்தனை முறை பிட் தவறியது, எத்தனை முறை தானே திருத்திக்கொண்டது என்று குறித்து வைக்கும். அது ஒரு ஸ்லாட் எண்ணைக் காட்டியது. அந்த ஸ்டிக்கை மாற்றிவிட்டு வந்தேன். இரண்டு வாரத்தில் மறுபடி அதே எர்ரர், அதே ஸ்லாட். ஸ்பேரும் பழுது போல என்று இன்னொன்று மாட்டினேன். மூன்றாம் முறை நடுராத்திரியில் இயந்திரமே நின்றுவிட்டது. விடியும்வரை அவர்கள் வேலை நடக்கவில்லை. கூட வந்த சீனியர் எதையும் மாற்றவில்லை. பக்கத்து ஸ்லாட்டில் இருந்த நல்ல ஸ்டிக்கையும் இதையும் இடம் மாற்றிப் போடச் சொன்னார். எர்ரர் ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக்கில் கோளாறு, ஸ்லாட்டிலேயே நின்றால் கோளாறு வேறெங்கோ. ஸ்லாட்டிலேயே நின்றது. பிராசசரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், கீழே சாக்கெட்டில் ஒரு பின் லேசாக வளைந்திருந்தது. மெமரிக்குப் போகும் கம்பிதான் அது.

வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் இது எனக்கு வானூரிலேயே தெரிந்த பாடம். எங்கள் ஊரில் கிணற்று மோட்டார் நின்றால் யாரும் உடனே மோட்டாரைக் கழற்ற மாட்டார்கள். மூணு பேஸும் வருதான்னு டெஸ்டர் வச்சுப் பார்ப்பாங்க. அப்புறம் ஃபியூஸ், அப்புறம் ஸ்டார்ட்டர், அப்புறம் கேபிள். எல்லாம் சரின்னாதான் மோட்டாரைத் தூக்கி டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வைத்துக் கட்டி திண்டிவனத்துக்குக் காயில் கட்ட எடுத்துட்டுப் போவாங்க. ஏன்னா காயில் கட்டக் காசு ஆகும், பயிர் காயும். கேஸ் ஷீட்டும் ஏசி ரூமும் வந்ததும் அந்தப் புத்தியை நான் ஊரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

சரி, நரசிம்மனிடம் திரும்புவோம். என் தொழிலுக்கு அவர் முன்னோடி என்று சொன்னேனே, அதன் காரணம் டிஃப்ராக் மட்டும் இல்லை. 1970-களில் நடந்த விஷயம் அது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் கம்ப்யூட்டர் என்றால் பெரும்பாலும் ஐ.பி.எம். 1401-தான். மற்ற நாடுகளில் ஓடி முடித்த பழைய இயந்திரங்களைச் செப்பனிட்டு இங்கே வாடகைக்கு விட்டார்கள். பழுது பார்ப்பதும் அவர்கள் ஆட்களே. ரயில்வே, எண்ணெய் கம்பெனி, மில், பல்கலைக்கழகம் எல்லாரும் அவர்களையே நம்பி இருந்தார்கள். 1973-ல் அன்னியச் செலாவணிச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. கோகோ கோலா வெளியேறிய கதை எல்லாருக்கும் தெரியும். அதே சட்டத்தை ஏற்காமல் 1978-ல் ஐ.பி.எம்.மும் கிளம்பியது. கோலா போனால் கோலி சோடா குடிக்கலாம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் போய்விட்டால் சம்பளப் பட்டியல் யார் போடுவது?

அந்தக் கேள்விக்கு விடை மூன்று வருஷம் முன்னதாகவே தயாராகியிருந்தது. 1975 டிசம்பரில் மத்திய அரசு கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. சுருக்கமாக சி.எம்.சி. அது உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர்களில் நரசிம்மன் ஒருவர். பெயரிலேயே மெயின்டனன்ஸ் இருப்பதைப் பாருங்கள்! கம்ப்யூட்டர் தயாரிக்க ஒரு அரசு நிறுவனம் ஏற்கெனவே இருந்தது. பழுது பார்க்க என்றே தனியாக ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்று யோசிப்பதற்கு, இரும்புச் சட்டத்தின் முன்னால் நாள்கணக்கில் நின்று பார்த்த ஒருவர் வேண்டியிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஐ.பி.எம். போனதும் 800-க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்த அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை சி.எம்.சி. ஏற்றது. சாதாரண வேலையா அது? 1401-ன் உள்ளே உள்ளங்கை அளவுள்ள சின்னச் சின்ன சர்க்யூட் கார்டுகள் வரிசை வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஆசிலாஸ்கோப்பில் சிக்னலைத் தொடர்ந்து போய் எந்தக் கார்டில் நின்றுவிட்டது என்று பிடிக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. உண்மையான தலைவலி கார்டு ரீடரும் பிரிண்டரும்தான். அச்சு எழுத்துகள் ஒரு சங்கிலியில் ஓடிக்கொண்டே இருக்கும், சரியான எழுத்து எதிரே வரும் கணத்தில் சுத்தியல் தட்ட வேண்டும். நேரம் துளி பிசகினால் எழுத்து பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஓடுகிற பாகம், உரசுகிற பாகம்தான் முதலில் தேயும். அன்று சங்கிலி, இன்று ஃபேனும் ஹார்டு டிஸ்க்கும். எங்கள் டேட்டா சென்டரில் அழைப்புகளின் வரிசை இன்றும் கிட்டத்தட்ட அதேதான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஐ.பி.எம். ஆள் ஐ.பி.எம். பெட்டியை மட்டும் தொடுவார். சி.எம்.சி. ஆட்கள் பல நாட்டு, பல கம்பெனி இயந்திரங்களைக் கவனிக்க வேண்டி வந்தது. இப்படி ஊர் ஊராகப் போய் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்தவர்கள் பிறகு பெட்டியோடு நிற்கவில்லை. 1980-களின் நடுவில் டில்லியில் ரயில் டிக்கெட் முன்பதிவைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது சி.எம்.சி.தான். விழுப்புரம் ஜங்ஷனில் இன்று எந்த ஊருக்கும் டிக்கெட் எடுக்கிறோமே, அதன் தொடக்கம் அங்கே.

நரசிம்மனுக்கு வேறு பல பொறுப்புகளும் இருந்தன. 1965-ல் தொடங்கிய கம்ப்யூட்டர் சொசைட்டி ஆஃப் இண்டியாவின் முதல் தலைவர் அவர். சாஃப்ட்வேருக்கு என்று ஒரு தேசிய மையத்தை 1970-களின் நடுவில் டாடா நிலையத்திலேயே தொடங்கி நடத்தினார். 1977-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. இதையெல்லாம் விரித்து எழுத இந்த மலரில் இடம் போதாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கம்ப்யூட்டரில் தொடங்கிய இவர் வாழ்க்கையின் பிற்பகுதியில் குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்தார். மொழியை ஒரு குழந்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது? இலக்கணத்தைப் பிறக்கும்போதே தலைக்குள் கொண்டுவருகிறதா, அல்லது பெற்றவர்களோடு பேசிப் பழகி, கேட்டு, திருத்தப்பட்டு வளர்த்துக்கொள்கிறதா? அவர் மனம் இரண்டாவது பக்கம் சாய்ந்தது. இதற்காகத் தமிழ் பேசும் ஒரு வீட்டில், ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை இரண்டரை வயது தாண்டும்வரை பெற்றோரோடு பேசிய பேச்சை சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து தொகுத்தார்கள். உலக ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் குழந்தைப் பேச்சுத் தொகுப்பில் தமிழுக்கு இடம் கிடைத்தது அதனால்தான். நம்ம வீட்டு மழலை ஆராய்ச்சிப் பொருளானது எனக்கு டிஃப்ராக்குக்குச் சமமான ஆச்சரியம். இயந்திரம் மனிதன் மாதிரி யோசிக்குமா என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அதைப் பற்றி அவர் 2004-ல், எழுபத்தெட்டு வயதில், புத்தகம் எழுதிவிட்டார்.

2007 செப்டம்பர் 3-ஆம் தேதி நரசிம்மன் காலமானார். வயது 81.

சி.எம்.சி.யின் கதையும் முடிந்துவிட்டது. 1984-ல் பெயரைச் சுருக்கி வெறும் சி.எம்.சி. லிமிடெட் ஆக்கினார்கள். மெயின்டனன்ஸ் என்ற சொல் போய்விட்டது. 2001-ல் டாடா குழுமம் வாங்கியது, 2015-ல் டி.சி.எஸ்.ஸோடு இணைந்தது. நம் கல்லூரியில் டி.சி.எஸ். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிக்கொண்டு நிற்கும் தம்பி தங்கைகளில் எத்தனை பேருக்கு, அந்தக் கம்பெனிக்குள் பிரிண்டர் சங்கிலி மாற்றிய ஒரு கம்பெனி கரைந்து கிடக்கிறது என்று தெரியும்?

கடைசியாக ஒரு அறிவிப்பு. சேவையிலிருந்து எடுத்துவிட்ட பழைய சர்வர் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எலக்ட்ரானிக்ஸ் லேபில் அதைத் திறந்து வைக்கிறேன். மெமரி ஸ்லாட் ஒன்றில் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்திருப்பேன். எங்கே என்று கண்டுபிடிக்க மாணவர்கள் வரலாம், பழைய மாணவர்களும் வரலாம். ஸ்குரூ டிரைவர் நான் கொண்டு வருகிறேன். கைக்குக் கட்டும் எர்த் பட்டை இரண்டுதான் இருக்கிறது, முறை வைத்துக்கொள்வோம்.